ஜீன்ஸைக் கிழிக்கும் முன்: டெனிம் துணியை அறிந்து, தேய்த்து, கிழித்து, காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் நான் ஒரு ஜீன்ஸைக் கிழித்தபோது, முட்டிக்கு நேராகக் கத்தரிக்கோலை வைத்து வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். அரை நிமிட வேலைதான். போட்டுப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. நன்றாகச் செய்த கிழிசலில் வெள்ளை நூல்கள் வரிவரியாகக் குறுக்கே நிற்கும், நடுவில் தோல் லேசாகத் தெரியும். என்னுடையதில் இருந்தது வெறும் ஓட்டை. இரண்டு சலவை முடிவதற்குள் அது பக்கத் தையல்வரை ஓடிவிட்டது. கனமான, நல்ல துணி. அதற்குப் பிறகு எதற்கும் உதவவில்லை.

அந்த வெள்ளை நூல்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனபோதுதான் டெனிம் எனக்குப் புரிந்தது. யாரும் அவற்றை மேலே வைத்துத் தைப்பதில்லை. புத்தம் புது ஜீன்ஸிலேயே நீலத்துக்கு அடியில் அவை இருக்கின்றன. நீலத்தை எடுத்துவிட்டு வெள்ளையை விட்டுவைப்பதுதான் மொத்த வேலையும். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லும் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

துணிக்குள்ளே என்ன இருக்கிறது

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. சாதாரணப் பருத்தித் துணியில் இரண்டும் மாறி மாறி மேலும் கீழுமாகப் போகும். டெனிமில் ஒவ்வொரு பாவு நூலும் பெரும்பாலும் மூன்று ஊடைக்கு மேலே போய், ஒன்றுக்கு மட்டும் கீழே நுழைந்து வெளியே வரும். பக்கத்துப் பாவு இதையே ஓர் ஊடை தள்ளித் தொடங்கும். ஜீன்ஸை உற்றுப் பார்த்தால் தெரியும் சாய்வான கோடுகள் இப்படித்தான் உண்டாகின்றன. ட்வில் நெசவு என்பது இதுதான். சாயம் போடுவது பாவுக்கு மட்டும். ஊடை வெள்ளையாகவே தறிக்குப் போகிறது. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பாவு மேலே படர்ந்திருப்பதால் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளிறியும் இருக்கிறது.

அடுத்தது சாயம். டெனிமின் நீலம் அவுரி நீலம். அவுரி தண்ணீரில் கரையாது. காரக் கரைசலில் வேதிமுறையில் அதை மாற்றினால்தான் கரையும், அப்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நூலை அதில் முக்கி வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே நீலமாக மாறும். அடர்த்தி வேண்டுமென்றால் மறுபடி முக்க வேண்டும், மறுபடி காற்றில் காட்ட வேண்டும். இத்தனை செய்தாலும் சாயம் நூலின் மேல்தோலில்தான் படிகிறது, உள்ளே இறங்குவதில்லை. வேறு எந்தத் துணியிலும் இதை மட்டமான சாயம் என்று ஒதுக்கியிருப்பார்கள். டெனிமுக்கு இதுதான் உயிர்.

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் ஜீன்ஸின் கீழ் மடிப்பைத் திருப்பி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீல நூலை இழுத்தெடுங்கள். நகத்தால் முறுக்கை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரமெல்லாம் நீலம், நடுவில் வெள்ளைப் பஞ்சு. விரல் நுனியிலும் கொஞ்சம் நீலம் ஒட்டியிருக்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். துணி உராயும்போது முதலில் மேல்தோல் நீலம் உதிர்ந்து நூலின் வெள்ளை தெரிகிறது, அதுதான் வெளுப்பு. இன்னும் உராய்ந்தால் மேலே இருக்கும் பாவு அறுந்து போகிறது. அடியில் இருக்கும் ஊடை மட்டும் தாக்குப்பிடித்துக் குறுக்கே நிற்கிறது, அதுதான் கிழிசல். கிழிந்த ஜீன்ஸின் தோற்றத்தை எந்த வடிவமைப்பாளரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. அது துணியின் நெசவிலேயே எழுதியிருக்கிறது.

உழைப்பாளியின் துணி நாகரிகமான கதை

டெனிம் என்ற பெயர் பிரான்சின் நீம் நகரத்துத் துணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. ஜீன் என்பது இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கும் பெயரிலிருந்து வந்தது. முரட்டு வேலை உடையைக் குறிக்கும் டங்கரீ என்ற சொல் மும்பையின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுத் துணியிலிருந்து கிளம்பியது. அவுரி நீலத்தின் ஆங்கிலப் பெயரான இண்டிகோ என்ற சொல்லுக்கே ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்றுதான் பொருள், கிரேக்கர்கள் வைத்த பெயர். செடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த இந்த நீலத்தை ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897-இல் செயற்கையாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. இன்று நாம் போடும் ஜீன்ஸில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த வகைச் சாயம்தான்.

நமக்குத் தெரிந்த ஜீன்ஸின் பிறப்பு ஒரு தையல்காரரின் கையில். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்பவர் தையற்கடை வைத்திருந்தார். தன் கணவர் போடும் பேண்ட் சீக்கிரம் கிழிந்து போகிறது, உறுதியாக ஒன்று தைத்துக் கொடுங்கள் என்று ஒரு பெண் கேட்டார். குதிரைப் போர்வைகளின் வார்களில் அடிக்கும் செப்பு ரிவெட்டுகள், அதாவது அடித்து இறுக்கும் குமிழ் ஆணிகள், டேவிஸின் மேசையில் கிடந்தன. பை பிய்ந்துபோகும் மூலைகளில் அவற்றை அடித்துக் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் வரிசையாக வரத் தொடங்கியதும், தனக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது, எண் 1,39,121. காப்புரிமை கேட்டது துணிக்கோ நிறத்துக்கோ அல்ல, ரிவெட்டுக்கு. அதாவது கிழியாமல் இருப்பதற்காகப் பிறந்த உடை இது. இன்று அதையே நாம் ஆசையாகக் கிழிக்கிறோம்.

சுரங்கத்திலும் பண்ணையிலும் உழைத்தவர்களின் உடையை 1950-களில் மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் போட்டார்கள். இளைஞர்கள் பின்தொடர்ந்தார்கள், பள்ளிகள் சில தடை விதித்தன. 1970-களின் பங்க் இசைக் கூட்டம் கிழிசலை மறைக்காமல் ஊக்கு குத்திக் காட்டியது. 1990-களின் தொடக்கத்தில் சியாட்டிலிலிருந்து கிளம்பிய கிரஞ்ச் இசைக்காரர்களுக்குத் தேய்ந்த ஜீன்ஸ் அன்றாட உடை. 2010-களில் முட்டி முழுவதும் திறந்த ஜீன்ஸ் மறுபடி எல்லா இடத்துக்கும் வந்தது. போக்கு போகிறது, வருகிறது. ஒவ்வொரு முறையும் அது திரும்பி வருவதற்குக் காரணம் நெசவில் இருக்கிறது என்பது என் கருத்து. மற்ற உடைகள் பழசானால் பழசாக மட்டும் ஆகின்றன. ஜீன்ஸ் பழசானால் போட்டவரின் உடம்பு அதில் பதிந்துவிடுகிறது. கிழிசல் ஜீன்ஸை விரும்புகிறவர்கள் விரும்புவது அந்தப் பதிவைத்தான். அதனால் கையால் செய்யும் கிழிசலும் உடம்பு செய்திருக்கக்கூடிய இடத்தில், உடம்பு செய்திருக்கக்கூடிய விதத்தில் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

படி 1: எந்த ஜீன்ஸைக் கிழிக்கலாம்

புதியதைக் கிழிக்காதீர்கள். ஏற்கெனவே சில மாதம் போட்டு உங்கள் உடம்புக்குப் பழகிய ஒன்றை எடுங்கள். எங்கே தேய வேண்டும் என்று அதுவே சொல்லத் தொடங்கியிருக்கும்.

முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வெளிறியிருந்தால் ஊடை வெள்ளை, நினைத்த தோற்றம் வரும். கறுப்பு ஜீன்ஸ் சிலவற்றில் பாவும் கறுப்பு, ஊடையும் கறுப்பு. அவற்றைக் கிழித்தால் வெள்ளை வரிகள் வராது, கறுப்பு நூல்தான் தொங்கும். இதை முதலிலேயே பார்க்காமல் கத்தி வைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

அடுத்து உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். நூறு சதவீதம் பருத்தியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எலாஸ்டேன் அல்லது ஸ்பாண்டெக்ஸ் கலந்திருந்தால் நிதானம் தேவை. இழுபடும் அந்த இழையைப் பெரும்பாலும் ஊடையில்தான் சேர்க்கிறார்கள். நாம் விட்டுவைக்கப் போவதும் ஊடையைத்தான். பாவின் பிடி போனதும் அந்த ஊடை சுருண்டு, நெளிந்து, புழுப்புழுவாக நிற்கும். சற்று அழுத்தித் தேய்த்தால் இழை அறுந்து துணி தொளதொளவென்று ஆகிவிடும். ஒன்று, இரண்டு சதவீதம் இருந்தால் சிறிய கிழிசலாகச் செய்யலாம். அதற்கு மேல் இருந்தால் வெளுப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கனத்தையும் கவனியுங்கள். ஒரு சதுர கெஜம் துணி எத்தனை அவுன்ஸ் எடை என்பதுதான் டெனிமில் கணக்கு. பத்து அவுன்ஸுக்குக் கீழே மெல்லியது, பதினான்குக்கு மேலே முரட்டுத் துணி. பதினொன்று முதல் பதின்மூன்று வரை உள்ளது கிழிக்க மிகவும் வசதி. சீட்டில் எடை எழுதியிருக்காது. கையில் பிடித்துப் பார்த்தால் சட்டைத் துணி மாதிரி வழிகிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்பதை வைத்துச் சொல்லிவிடலாம்.

படி 2: துவைத்து, போட்டு, உட்கார்ந்து குறியுங்கள்

ஜீன்ஸை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே கை வையுங்கள். சுருங்க வேண்டியது சுருங்கட்டும். இல்லாவிட்டால் முட்டிக்கு என்று வைத்த கிழிசல் துவைத்த பிறகு தொடைக்கு ஏறிவிடும்.

பிறகு போட்டுக்கொள்ளுங்கள். தையல் சாக்பீஸ் ஒன்று கையில் இருக்கட்டும். நின்றபடி முட்டிச் சில்லின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். உட்கார்ந்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழாது, அதுதான் இந்தப் படியின் பயன். கிழிசல் முட்டிச் சில்லின் நடுவில் தொடங்கி மேல்நோக்கிப் போகட்டும். முட்டிக்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு முறை காலை மடக்கும்போதும் அது இழுபடும். போடும்போது கால் விரல் வேறு அதில் மாட்டிக்கொள்ளும். என் கிழிசல்களில் பாதி இப்படித்தான் பெரிதாயின.

உட்கார்ந்திருக்கும்போதே தொடை இடுக்கிலிருந்து வெளிப்பக்கமாக விசிறி போல விழும் மடிப்புகளையும் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். முட்டிக்குப் பின்னால் விழும் மடிப்புகளை யாரையாவது வரைந்து தரச் சொல்லுங்கள். கைப்பேசி வைக்கும் பையின் ஓரம், உள்ளங்கை அடிக்கடி தேயும் தொடையின் மேல்பகுதி, இவற்றையும் குறியுங்கள்.

குறிக்கக் கூடாத இடங்களும் உண்டு. கவட்டை, பின்பையின் அடி, பக்கத் தையலிலிருந்து ஒரு இன்ச்சுக்குள் வரும் எந்த இடமும். முதல் இரண்டும் தாமாகவே கிழியும் இடங்கள், நாம் உதவ வேண்டியதில்லை. தையல் ஓரம் ஜீன்ஸின் எலும்பு மாதிரி, அதைத் தொட்டால் கால் முழுவதும் உருக்குலையும்.

படி 3: முதலில் வெளுப்பு, பிறகுதான் கிழிசல்

பெரும்பாலோர் நேராகக் கத்தியை எடுக்கிறார்கள். கருநீலத்தின் நடுவே திடீரென்று ஒரு வெள்ளைக் கிழிசல் நின்றால் ஒட்டவைத்தது போலத் தெரியும். நிஜத்தில் தேய்ந்து கிழிந்த ஜீன்ஸில் கிழிசலைச் சுற்றி வெளிர் நீலம் ஒரு வளையமாகப் படர்ந்திருக்கும். நூல் அறுவதற்கு முன்னால் சாயம் போயிருக்க வேண்டுமல்லவா?

இதற்குத் தேவை உப்புத்தாள். 120 அல்லது 150 எண் கொண்டது போதும். பேண்டின் காலுக்குள் ஒரு பலகையையோ, அட்டை போட்ட கனமான புத்தகத்தையோ நுழையுங்கள். இது இல்லாமல் தேய்த்தால் பின்பக்கமும் சேர்ந்து தேய்ந்துவிடும். குறித்த இடத்தில் நடுவிலிருந்து வெளியே, நடுவில் அழுத்தியும் ஓரத்துக்குப் போகப் போக லேசாகவும் தேயுங்கள். பாவு ஓடும் திசையில், அதாவது மேலும் கீழுமாகத் தேய்த்தால் இயல்பாக வரும். வட்டமாகத் தேய்த்தால் திட்டுத்திட்டாக விழும்.

தொடை மடிப்புகளுக்கு வேறு முறை. வரைந்த கோட்டில் துணியை மடித்து, மடிப்பின் முகடு மட்டும் தூக்கி நிற்கும்படி விரல்களால் பிடித்து, அந்த முகட்டை மட்டும் உப்புத்தாளால் நான்கைந்து முறை இழுங்கள். விரித்தால் மெல்லிய வெள்ளைக் கோடு. மடிப்பின் பள்ளம் கருநீலமாகவே இருக்கும். இந்த மேடுபள்ள வேறுபாடுதான் கண்ணுக்கு அழகு. எல்லாக் கோட்டையும் ஒரே அளவாகப் போடாதீர்கள். நாம் உட்காரும்போது இரண்டு தொடையிலும் ஒரே மாதிரியா மடிப்பு விழுகிறது?

பைகளின் விளிம்பு, பெல்ட் வளையம், பக்கத் தையலின் மேடு, இவற்றில் உப்புத்தாளை ஓரிரு முறை ஓட்டினால் போதும். நீலத் தூசி பறக்கும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

படி 4: கிழிசல்

ஒரு கூரான சிறிய பிளேடு அல்லது கூர் கத்தரிக்கோல், ஒரு இடுக்கி, நல்ல வெளிச்சம். இவ்வளவுதான் தேவை. அவசரம் மட்டும் கூடாது. நல்ல முட்டிக் கிழிசல் ஒன்றுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

காலுக்குள் அட்டையை நுழைத்துவிட்டு, குறித்த இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டுங்கள். நீளம் இரண்டு இன்ச்சுக்கு மேல் வேண்டாம். அதற்கு முக்கால் இன்ச் மேலே, அதே நீளத்தில் இன்னொரு வெட்டு. நிலத்துக்கு இணையாக வெட்டுவது முக்கியம். குறுக்கே வெட்டும்போது அறுபடுவது நீளவாக்கில் ஓடும் நீலப் பாவு மட்டும். ஊடை வெட்டுக்கு இணையாக ஓடுவதால் தப்பித்துவிடும். நான் முதன்முதலில் வட்டமாக வெட்டியபோது இரண்டையும் சேர்த்து அறுத்துவிட்டேன். அதில் வெள்ளை நூல் எப்படி மிஞ்சும்?

இரண்டு வெட்டுக்கும் நடுவில் இப்போது ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. அதிலுள்ள நீல நூல்கள் இரண்டு முனையிலும் அறுந்து, பிடிமானம் இல்லாமல் கிடக்கின்றன. பட்டையின் கீழ் ஓரத்தை நகத்தால் சுரண்டுங்கள். குட்டையான நீல முனைகள் தலைகாட்டும். இடுக்கியால் ஒன்றைப் பிடித்து நேராக இழுங்கள். முதல் நூல் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் ஆட்டினால் வந்துவிடும். இரண்டு, மூன்று நூல் போனதும் நெசவு தளர்ந்து மற்றவை சுலபமாகக் கழன்று வரும். ஒவ்வொன்றாக நீலம் போகப் போக, அதன் அடியில் அடைந்து கிடந்த வெள்ளை ஊடைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, யாழின் நரம்புகள் போல வரிசையாக நிற்கத் தொடங்கும். இந்த இடத்தில்தான் இந்த வேலைமேல் எனக்கு ஆசை வந்தது. நாலு வருடம் போட்ட பேண்டுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே என்று தோன்றும்.

ஒரு கைப்பிடி அளவு நீல நூல் சேர்ந்த பிறகு நிறுத்திவிட்டுப் பாருங்கள். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் மேலே முக்கால் இன்ச் தள்ளி மூன்றாவது வெட்டு. ஒரே மூச்சில் நான்கு இன்ச் உயரத்துக்கு இரண்டே வெட்டு போட்டால் நூலை உருவ முடியாது, பாதியில் அறுந்து சிக்கிக்கொள்ளும். வெட்டுகள் ஒரே நீளமாக இருக்க வேண்டாம். நடுவில் உள்ளது நீளமாகவும் மேலும் கீழும் உள்ளவை சற்றுக் குட்டையாகவும் இருந்தால் கிழிசலுக்குக் கண் போன்ற வடிவம் கிடைக்கும். இயற்கையாகக் கிழியும்போதும் அப்படித்தான் விரியும்.

கடைசியாக விளிம்புகளை 80 எண் உப்புத்தாளால் லேசாகத் தட்டிவிடுங்கள். வெட்டிய அடையாளம் மறைந்து பஞ்சு போல ஆகும். தோலைக் காட்ட வேண்டாம், வெறும் தேய்மானம் போதும் என்றால் வெட்டவே வேண்டாம். அந்த இடத்தை 80 எண் தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருங்கள். பாவு ஒவ்வொன்றாக அறுந்து வெள்ளை தானே எழும். நேரம் அதிகம், ஆனால் மிக இயல்பாக வருவது இந்த முறையில்தான்.

படி 5: கீழ் விளிம்பு

கால் நீளத்தைக் குறைத்து நூல் தொங்கும் விளிம்பு வேண்டும் என்றால், வேண்டிய அளவைவிட அரை இன்ச் நீளம் விட்டு நேராக வெட்டி, இங்கே மட்டும் குறுக்கு நூல்களை உருவுங்கள். நீளவாக்குப் பாவு குஞ்சமாகத் தொங்கும். நீளம் கச்சிதம், விளிம்பு மட்டும் தேய்ந்திருக்க வேண்டும் என்றால் மடிப்பின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தாலே போதும்.

படி 6: பிளீச் பற்றி

நான் பயன்படுத்துவதில்லை. வீட்டில் இருக்கும் குளோரின் பிளீச் அவுரி நீலத்தை வெளுக்கும், ஆனால் அழுக்கு மஞ்சள் படிந்த வெள்ளையாக விட்டுச் செல்லும். பருத்தி நூலையும் பலவீனமாக்கும், எலாஸ்டேன் இருந்தால் அதை அடியோடு கெடுக்கும். செய்தே தீருவேன் என்றால் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, நிறையத் தண்ணீரில் கலந்து, நினைத்த நிறத்துக்குச் சற்று முன்பே எடுத்து நன்றாக அலசுங்கள். பிளீச்சை முறிக்க வினிகர் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் அலசுவது சரியான வழி.

படி 7: துவைத்து, எல்லை கட்டுங்கள்

கிழித்த ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பைப் போட்டு, வலைப்பைக்குள் வைத்து ஒருமுறை துவையுங்கள். விளிம்புகள் குழைந்து பஞ்சாகும், கிழிசலும் கொஞ்சம் பெரிதாகும். அதனால்தான் முதலிலேயே சிறிதாக வெட்டச் சொன்னேன். நினைத்த அளவில் முக்கால் பங்கு வெட்டினால் மீதியைச் சலவை பார்த்துக்கொள்ளும்.

காய்ந்ததும் கிழிசலின் இரண்டு பக்க முனைகளிலும் நீல நூலால் குறுக்கே நெருக்கமாகச் சில தையல் போடுங்கள். ஓட்டை ஓடுவது இந்த முனைகளிலிருந்துதான். தையல் இயந்திரம் இருந்தால் விளிம்பிலிருந்து கால் இன்ச் தள்ளி சிறிய ஜிக்ஜாக் தையலாகச் சுற்றி வரலாம். தோல் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும், அலுவலகத்துக்குப் போட விரும்புபவர்களும் உள்ளே ஒரு துண்டு டெனிமையோ, இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பியூசிங் துணியையோ வைத்து ஓரம் தைத்துவிடலாம். கிழிசலின் ஆயுள் இரட்டிப்பாகும். வெள்ளை ஊடை கருநீலப் பின்னணியில் இன்னும் எடுப்பாகத் தெரியும். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

கிழிசல் கை மீறிப் போனால்

எல்லாக் கிழிசலும் ஒருநாள் கை மீறும். அப்போது தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் பெரிய துண்டை உள்ளே வைத்து ஊசி குத்திக்கொண்டு, கனமான பருத்தி நூலால் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடுங்கள். வரிசைகளுக்கு நடுவே கால் இன்ச் இடைவெளி. ஜப்பானியர்கள் சாஷிகோ என்று அழைக்கும் தையல் இதுதான். அங்கே ஏழை விவசாயக் குடும்பங்கள் அவுரித் துணியை இப்படி ஒட்டுப்போட்டுத் தலைமுறைகளாக உடுத்தினார்கள். தையலை மறைக்க முயல வேண்டாம். வெள்ளை நூலிலேயே போடுங்கள்.

கவட்டையில் மட்டும் ஓட்டை விழும்வரை காத்திருக்கக் கூடாது. துணியை விளக்குக்கு எதிரே பிடித்து, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மெலிந்த உடனே உள்ளே துண்டு வைத்துவிட்டால் ஜீன்ஸுக்கு இன்னும் சில வருடம் கூடும்.

கிழித்தே விற்பதை வாங்குவதானால்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது இருக்கிறது. தொழிற்சாலையில் ஜீன்ஸைப் பழசாக்க ஆரம்பத்தில் எரிமலைக் கல்லோடு சேர்த்துச் சுழற்றினார்கள், 1980-களில் அது உலகமெங்கும் பரவியது. பிறகு செல்லுலோஸைத் தின்னும் என்சைம்கள் அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டன. தொடையையும் முட்டியையும் மட்டும் வெளுக்க, அழுத்தக் காற்றில் மணலை அடிக்கும் முறை வந்தது. மலிவு, வேகம், பார்க்க அச்சு அசலாக இருக்கும். அந்த மணல் தூளில் இருக்கும் சிலிக்கா, சரியான பாதுகாப்பில்லாமல் அடைத்த அறைகளில் வேலை செய்தவர்களின் நுரையீரலில் இறங்கியது. துருக்கியில் இளம் தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் நோய் வந்து பலர் இறந்தார்கள். சிலிகோசிஸுக்குக் குணம் கிடையாது. 2009-இல் துருக்கி டெனிம் தொழிலில் இந்த முறையைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு லீவைஸ், எச் அண்ட் எம் நிறுவனங்களும் கைவிடுவதாக அறிவித்தன. ஒரு பேண்டில் இரண்டு கை அகல வெளுப்புக்காக இருபது வயதுப் பையன் மூச்சுவிட முடியாமல் சாவது எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் உப்புத்தாளோடு முக்கால் மணி நேரம் உட்காருவதை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று லேசர் கதிரால் சாயத்தை எரித்தும், ஓசோன் வாயுவால் வெளுத்தும் செய்கிறார்கள். இவற்றில் தண்ணீர்ச் செலவும் ரசாயனமும் குறைவு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளிக்கும் பழைய முறையும் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, தெளிப்பவருக்கு அது கெடுதல். எந்த முறையில் வெளுத்தது என்று விற்பவரிடம், நிறுவனத்திடம் கேளுங்கள். கேள்வி கேட்பவர்கள் கூடினால் பதிலும் வரும்.

துணியின் தரத்தைப் பார்க்க, கிழிசலின் வெள்ளை நூலை விரலால் மெல்ல இழுத்து விடுங்கள். ரப்பர் போல இழுபட்டுச் சுருண்டால் அந்தக் கிழிசல் சீக்கிரம் தொங்கும். இரண்டு காலிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் வெளுப்பு இருந்தால் அச்சில் வார்த்தது. முட்டிக் கிழிசல் உங்கள் முட்டியில்தான் விழுகிறதா என்று போட்டு, உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் விழாது. உங்கள் காலை அளந்து கிழித்தது அல்லவே.

கத்தியே படாத வழி

பொறுமை இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். தறியிலிருந்து வந்தபடியே, துவைக்காமல் தைத்த ஜீன்ஸ் கிடைக்கும், ரா டெனிம் என்பார்கள். அட்டை போல விறைப்பாக, கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். ஜப்பானின் ஒகயாமா பகுதியில் கொஜிமா என்ற இடம் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே பழைய நாடா ஓடும் தறிகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஊடை ஓரத்தில் திரும்பி வருவதால் அந்தத் துணிக்குப் பிரியாத கரை உண்டு. கால் மடிப்பைத் திருப்பினால் பெரும்பாலும் சிவப்பு நூல் ஓடும் அந்தக் கரை தெரியும்.

சான்ஃபரைஸ் செய்தது என்று சீட்டில் இருந்தால் சுருக்கம் கொஞ்சம்தான் இருக்கும். 1930-இல் சான்ஃபோர்ட் க்ளூவெட் கொண்டுவந்த, முன்கூட்டியே சுருக்கும் முறை அது. அப்படிச் செய்யாத துணி முதல் நனைப்பில் பத்து சதவீதம்வரை சுருங்கலாம். அதனால் பெரிதாக வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே அளவு பாருங்கள்.

அப்புறம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதல் இரண்டு வாரம் முட்டிக்குப் பின்னால் உரசும். வெளிர் நிற இருக்கைகளிலும் காலணியிலும் நீலம் ஒட்டும். மாதக்கணக்கில் துவைக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். வியர்வையும் அழுக்கும் நூலை அரிக்கும் என்பதால் அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மடிப்புகள் பதிந்த பிறகு, வாடை வரும்போதெல்லாம், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரும் மிச்சமாகும். ஒரு ஜோடி ஜீன்ஸ் பருத்தி வயலில் தொடங்கிக் கடைசிச் சலவைவரை குடிக்கும் தண்ணீர் 3,781 லிட்டர் என்று லீவைஸ் 2015-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. பெரும்பங்கு பருத்தி வளர்க்கச் செலவாகிறது, அடுத்த பெரிய பங்கு நம் வீட்டுச் சலவையில்.

ஆறு மாதத்தில் தொடையில் முதல் வெள்ளைக் கோடுகள் வரும். ஒரு வருடத்தில் கைப்பேசியின் நான்கு மூலையும் பையில் பதியும், முட்டிக்குப் பின்னால் தேன்கூடு போன்ற மடிப்புக் கோடுகள் விரியும். இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் ஒருநாள் முட்டியில் விரலை வைத்தால் துணி பட்டுப் போல மெலிந்திருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் நீலத்துக்குள் குறுக்கே வெள்ளை வரிகள். அன்று ஊசியும் ஒரு துண்டு டெனிமும் எடுத்து உள்ளே தைத்துவிடுங்கள். மேலே கிழிசல் அதன் போக்கில் வந்து சேரட்டும்.